பல ஃபேண்டம், ஒரே இதழ்: ஃபேன்ஃபிக் இதழ் போட நினைக்கும் வடசென்னைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர் பக்கம் நாலு பேர் சேர்ந்து "நாமளே ஒரு ஃபேன்ஃபிக் இதழ் போட்டா என்ன" என்று பேச்சை எடுத்தாலே இந்தச் சந்தேகங்கள்தான் வரிசையாக வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறோம். முன்னால் சொன்னதை மறுபடி சொல்லாமல் கேள்வி எண்ணை மட்டும் கொடுத்திருக்கிறோம்.

1. ஃபேன்ஃபிக்னா இன்னா? போன்லயே படிக்கலாமே, அதுக்கு எதுக்கு ஒரு புக்கு?

ஏற்கெனவே இருக்கிற ஒரு நாவல், படம், அனிமே (ஜப்பானிய அனிமேஷன்), தொடர், கேம், இதில் எதையாவது எடுத்து, அதன் பாத்திரங்களையும் உலகத்தையும் வைத்து ரசிகர் எழுதும் புதுக்கதைதான் ஃபேன்ஃபிக். மூலத்தில் சொல்லாமல் விட்டதைச் சொல்லலாம், முடிவை மாற்றலாம், ஓரமாக நின்ற பாத்திரத்தை நடுவில் கொண்டுவரலாம். ஒரே மூலத்தைச் சுற்றிக் கூடும் ரசிகர் கூட்டத்துக்குப் பெயர் ஃபேண்டம்.

ரசிகர்களே போடும் இதழுக்கு 'ஃபேன்சீன்' என்ற பெயர் 1940-ல் அமெரிக்க அறிவியல் புனைகதை ரசிகர்களிடம் பிறந்தது. 1967-ல் 'ஸ்டார் டிரெக்' என்ற அமெரிக்க டிவி தொடரின் ரசிகர்கள் 'ஸ்பாக்கனேலியா' இதழைக் கொண்டுவந்தார்கள். டோக்கியோவில் ரசிகர்களே அச்சிட்டு ரசிகர்களுக்கே விற்கும் 'காமிக்கெட்' சந்தை 1975 டிசம்பரில் தொடங்கி இன்றும் நடக்கிறது. நமக்கும் இது புதிதில்லை, கையெழுத்துப் பத்திரிகை நடத்திய ஊர்தான் நம்முடையது. போனில் வரும் கதை நாலு நாளில் கீழே தள்ளப்பட்டுவிடும். கையில் கொடுத்த இதழ் வீட்டில் கிடக்கும், தங்கச்சி எடுத்துப் படிப்பாள், அவளிடமிருந்து அவள் தோழிக்குப் போகும்.

2. அடுத்தவங்க கதைய எடுத்து எழுதறது அசிங்கம் இல்லியா?

சட்டம் என்ன சொல்கிறது என்பதை 16-ல் பார்க்கலாம். இலக்கியமாகப் பார்த்தால் அசிங்கம் ஒன்றும் இல்லை. புதுமைப்பித்தனின் 'சாபவிமோசனம்' அகலிகையை எடுத்துக்கொண்டு, சீதை தீக்குளித்த செய்தியைக் கேட்டு அவள் மறுபடியும் கல்லாவதாக முடிகிறது. விக்கிரமனின் 'நந்திபுரத்து நாயகி' பொன்னியின் செல்வன் நின்ற இடத்திலிருந்து தொடர்கிறது. தெருக்கூத்தில் பாரதக் கதை ஒவ்வொரு இரவும் புதிதாகத்தான் சொல்லப்படுகிறது. மூலத்திலிருந்து வாக்கியங்களைத் தூக்கி வைத்துக்கொண்டு தன் எழுத்து என்று சொல்வதுதான் திருட்டு.

3. ஒரே ஃபேண்டம் போதாதா? எதுக்கு எல்லாத்தையும் போட்டுக் கலக்கணும்?

ஒரே ஃபேண்டத்தில் தமிழில் நன்றாக எழுதுகிற ஏழெட்டுப் பேர் ஒரே வட்டாரத்தில் கிடைப்பது கஷ்டம். பெரம்பூரில் அனிமே பார்க்கிற பையன், கொருக்குப்பேட்டையில் கொரியன் தொடர் பார்க்கிற அக்கா, சரித்திர நாவல் படிக்கிற ரிட்டயர்டு மாமா, மூன்று பேரும் ஒரே இதழில் சேர்ந்தால்தான் இதழ் நிரம்பும். அவரவர் வீட்டு ஆட்களும் வாங்குவார்கள்.

இதற்கு ஒரு விலை உண்டு. வாசகர் ஒரு கதைக்காக வாங்குவார், மற்ற ஐந்து கதைகளின் உலகமும் அவருக்குத் தெரியாது. அந்த ஐந்தையும் அவர் படித்து முடித்தால்தான் அது பல ஃபேண்டம் இதழ். இல்லையென்றால் ஆறு துண்டுப் பிரசுரங்களை ஒன்றாகத் தைத்த கட்டுதான். இந்தப் பக்கத்தில் சொல்லும் முக்கால்வாசி யோசனைகள் அந்த ஒரு வாசகரை மனதில் வைத்துச் சொன்னவை.

4. எத்தனை பக்கம் வைக்கலாம்? எத்தனை கதை புடிக்கும்?

முதல் இதழுக்கு ஏ5 அளவில் 48 பக்கமும் தனி அட்டையும் போதும். ஏ4 தாளை நடுவில் மடித்தால் ஏ5, அதாவது ஒரு தாளுக்கு 4 பக்கம். 48 பக்கத்துக்கு 12 தாள். நடுவில் தைக்கிற இதழின் பக்க எண்ணிக்கை 4-ஆல் வகுபட வேண்டும். 50 பக்கம் வந்துவிட்டால் 52 ஆக்குங்கள், அல்லது 2 பக்கம் வெட்டுங்கள்.

இந்தக் கணக்கில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். 11 புள்ளி (பாயின்ட்) அளவு எழுத்தில் ஓர் ஏ5 பக்கத்தில் சுமார் 200 தமிழ்ச் சொற்கள் பிடிக்கும். 48 × 200 = 9600 என்று நினைத்துப் பத்துக் கதை வாங்கி வைத்துவிடுவார்கள். தலைப்புப் பக்கம், உரிமைப் பக்கம், உள்ளடக்கம், ஆசிரியர் குறிப்பு, படங்கள், எழுதியவர்கள் அறிமுகம் எல்லாம் சேர்ந்து 12 பக்கம் போய்விடும். மீதி 36. ஒவ்வொரு கதையின் தொடக்கத்திலும் முடிவிலும் விடும் வெற்றிடம் இன்னும் 6 பக்கம் சாப்பிடும். கையில் நிற்பது 30 பக்கம், 6000 சொல். அதாவது 1000 சொல்லில் ஆறு கதை. இன்னும் மூன்று கதை வேண்டுமானால், வெற்றிடத்தைக் கொஞ்சம் குறைத்து 64 பக்கத்துக்குப் போங்கள். அதற்கு மேல் நடுவில் தைத்தால் இதழ் மூடி நிற்காது, வாய் பிளந்துகொள்ளும்.

5. ஆறு கதைல எந்த ஃபேண்டத்துக்கு எத்தினி?

குறைந்தது நான்கு ஃபேண்டம் இருக்கட்டும், எந்த ஃபேண்டத்துக்கும் இரண்டு கதைக்கு மேல் வேண்டாம். இரண்டு உலகங்கள் சந்திக்கும் கிராஸ்ஓவர் கதையை இரண்டு ஃபேண்டத்தின் கணக்கிலும் சேருங்கள். கதை கேட்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் அந்த வருஷம் எந்த அனிமே ஓடுகிறதோ அதிலேயே நான்கு கதை வந்து நிற்கும், மூன்று பேரிடம் "இல்லை" என்று சொல்ல வேண்டிவரும்.

6. அந்தப் படத்தையே பாக்காதவன் இந்தக் கதைய எப்படிப் படிப்பான்?

ஒவ்வொரு கதைக்கும் மேலே 40 சொல்லுக்குள் ஒரு முன்குறிப்பு கொடுங்கள். இவர் யார், கதை தொடங்கும் முன் என்ன நடந்திருக்கிறது, இவருக்கு இப்போது என்ன வேண்டும் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். பெரும்பாலோர் எழுதிக் கொடுப்பது மூலத்தைப் பற்றிய புகழுரை: "கோடிக்கணக்கான இதயங்களைக் கொள்ளைகொண்ட காவியத்தின்..." இதைப் படித்து யாருக்கும் எதுவும் புரியாது. பூங்குழலியை இன்றைய காசிமேட்டுக்குக் கொண்டுவந்து ஒருவர் கதை எழுதியிருக்கிறார் என்று வையுங்கள். குறிப்பு இப்படி இருக்கலாம்:

"மூலம்: பொன்னியின் செல்வன். பூங்குழலி கோடிக்கரையில் தனியாகப் படகு ஓட்டும் பெண். வந்தியத்தேவனை இலங்கைக்குக் கொண்டுபோய் விட்டவள். இந்தக் கதையில் அவள் காசிமேட்டில் ஃபைபர் படகு வைத்திருக்கிறாள், எஞ்சின் கடன் இருக்கிறது. நடுராத்திரியில் ஓர் ஆள் வந்து கூலி பேசுகிறான்."

நாவலைத் தொடாதவரும் அடுத்த வரிக்குப் போய்விடுவார். குறிப்பை எழுத்தாளரே எழுதட்டும். ஆனால் அந்த ஃபேண்டமே தெரியாத ஒருவரிடம் அதை மட்டும் கொடுத்து, "இதிலிருந்து என்ன புரிந்தது, வாயால் சொல்லுங்க" என்று கேளுங்கள். அவர் திக்குகிற இடத்தில் குறிப்பைத் திருத்துங்கள்.

7. ஸ்பாய்லர் ஆயிடுச்சுன்னு சண்டைக்கு வரமாட்டாங்களா?

வருவார்கள், மூலத்தின் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுவதுதானே ஸ்பாய்லர். முன்குறிப்பின் கடைசியில் "இரண்டாம் சீசன் முடிவுவரை வெளிப்படும்" என்று ஒரு வரி போடுங்கள். உள்ளடக்கப் பக்கத்தில் கதைப் பெயருக்குக் கீழேயும் அதே வரி வரட்டும், பக்கத்தைத் திருப்பும் முன்பே வாசகர் முடிவு செய்துகொள்வார். மரணம், தற்கொலை, வன்முறை போன்ற எச்சரிக்கைகளுக்கும் அதுதான் இடம்.

8. கதைங்களை எந்த வரிசைல வைக்கறது?

ஃபேண்டம் வாரியாகப் பிரிக்க வேண்டாம். பிரித்தால் அவரவர் தன் பகுதியைப் படித்துவிட்டு மூடி வைத்துவிடுவார்கள். முதல் கதை மிகப் பிரபலமான ஃபேண்டமாக இருக்க வேண்டியதில்லை, முன்குறிப்பே இல்லாமல் படித்தாலும் புரிகிற கதையாக இருக்க வேண்டும். எல்லோரும் எதற்காக வாங்குகிறார்களோ அந்தக் கதையை நான்காவதாக வையுங்கள். அதைத் தேடிப் புரட்டும்போது மற்றவை கண்ணில் படும். கிராஸ்ஓவரை அதன் இரண்டு உலகங்களின் தனிக் கதைகளும் முடிந்த பிறகு வையுங்கள், அதற்குள் வாசகருக்கு இருவரும் பழக்கமாகியிருப்பார்கள். இரண்டு சோகக் கதைகளை அடுத்தடுத்து வைக்காதீர்கள்.

9. நருட்டோவா, நாருடோவா? ஆளுக்கு ஒரு மாதிரி எழுதறாங்களே?

இந்த அனிமே நாயகன் பெயர் மாதிரிக் குழப்பம் வராமல் இருக்க, கதைகள் வரும் முன்பே ஒரு பெயர்ப் பட்டியல் போடுங்கள். ஒவ்வொரு ஃபேண்டத்திலும் முக்கியமான பத்துப் பெயர்கள், அவற்றின் ஒரே தமிழ் எழுத்துக்கூட்டல். ஜ, ஷ, ஸ, ஹ எழுத்துகளைப் பயன்படுத்துவதா, ஃ போட்டு 'ஃப' எழுதுவதா என்பதை இதழ் முழுவதற்கும் ஒரே முடிவாக எடுங்கள். தமிழ் டப்பிங்கில் ஒரு பெயர் ஏற்கெனவே பழகிவிட்டதென்றால் அதையே வையுங்கள், மூல மொழி உச்சரிப்புக்காக மல்லுக்கட்ட வேண்டாம். ஜப்பானியக் கதையில் '-சான்', '-சென்செய்' போன்ற மரியாதைச் சொற்களை வைத்தால் எல்லாக் கதையிலும் வையுங்கள். கொரியப் பெண்கள் அண்ணனையும் காதலனையும் 'ஓப்பா' என்றுதான் கூப்பிடுவார்கள், கொரியக் கதையில் அது 'அண்ணன்' ஆகிவிட்டால் காதல் காட்சி நாசமாகிவிடும், அதை அப்படியே விடுவது மேல்.

10. நம்ம மெட்ராஸ் பாஷைலயே எழுதலாமா?

தாராளமாக எழுதுங்கள். ஆனால் பாத்திரம் ஏன் அப்படிப் பேசுகிறது என்பதற்குக் கதைக்குள் காரணம் வேண்டும். வியாசர்பாடியில் வளர்ந்ததாக மாற்றி எழுதிய சூப்பர் ஹீரோ "இன்னாபா" என்று பேசினால் சரி. மூல உலகத்தில் இருக்கும் வீரன் திடீரென்று "கலாய்க்கிறியா நைனா" என்றால் சிரிப்புக்காக நம் மொழியைப் பலி கொடுத்ததாக ஆகிவிடும். எழுத்துக்கூட்டல் பட்டியலில் 'கீது', 'சொல்லிகினு', 'வந்துகினு' போன்றவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இவையும் ஆளுக்கொரு விதமாக வரும்.

11. கதை வாங்கறதுலேர்ந்து அச்சு வரைக்கும் எத்தினி நாள் ஆவும்? எந்த மாசம் நல்லது?

பதினாறு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்களைச் சேர்த்து ஃபேண்டம் பிரிக்க 2, எழுத 5, திருத்த 4, பக்கம் அமைக்க 2, பிழை பார்க்க 1, அச்சும் தைப்பும் 2. ஆறு கதை வேண்டுமானால் ஒன்பது பேரிடம் ஒப்புதல் வாங்குங்கள், மூன்று பேர் பரீட்சை, வேலை என்று கழன்றுகொள்வார்கள். ஒன்பதும் வந்துவிட்டால் 64 பக்கம், அவ்வளவுதான். திருத்தத்துக்கு ஒவ்வொரு கதையையும் இரண்டு பேர் படிக்க வேண்டும்: அந்த ஃபேண்டத்தில் ஊறியவர் ஒருவர், அது தெரியவே தெரியாதவர் ஒருவர். முதலாமவர் மூலத்தோடு முரண்படும் இடங்களைப் பிடிப்பார். இரண்டாமவர் குழம்பும் இடங்கள்தான் உங்கள் வாசகர் இதழை மூடி வைக்கும் இடங்கள்.

அச்சுக்கு ஆடி மாதம் அருமையான மாதம். கல்யாணம் கிடையாது, பத்திரிகை அடிக்கிற கூட்டம் இருக்காது, பிரஸ்காரர் உட்கார வைத்துப் பேசுவார். தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களுக்கு முந்தைய வாரங்களில் போகாதீர்கள். தீபாவளி முடிந்ததிலிருந்து பொங்கல்வரை காலண்டர், டைரி வேலை நெருக்கும்.

12. டைப் பண்ணிக் கொடுத்தா பிரஸ்ல எழுத்தெல்லாம் உடைஞ்சு வருதே, ஏன்?

நீங்கள் அடிப்பது யூனிகோடு, அதாவது போனிலும் கணினியிலும் இன்று பொதுவாக ஓடும் எழுத்துக் குறியீடு. பல டிடிபி சென்டர்களில் இன்னும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க அமைப்பு மென்பொருளும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களும்தான் ஓடுகின்றன. பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது, அதனால் மாற்றி ஒன்றைக் கொண்டு பாமினிக்கு மாற்றுவார்கள். பாமினியில் ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடங்களில் தமிழ் எழுத்துகள் உட்கார்ந்திருக்கின்றன. அதனால் கதைக்குள் இருக்கும் ஆங்கிலச் சொற்களும் மேற்கோள் குறிகளும் கன்னாபின்னாவென்று மாறிவிடும். இன்டிசைன் என்ற புதிய பக்க அமைப்பு மென்பொருளிலோ வேறு கோளாறு: 'கொ' என்பதன் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். பத்தி அமைப்பில் 'வேர்ல்ட்-ரெடி கம்போசர்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.

நீங்களே பக்கம் அமைத்து, எழுத்துரு பதிந்த பிடிஎஃப் கொண்டுபோவதுதான் நிம்மதி. லிப்ரெ ஆபீஸ் இலவசம், தமிழ் அதில் ஒழுங்காக வருகிறது. ஸ்கிரைபஸ் என்ற இலவசப் பக்க அமைப்பு மென்பொருளிலும் புதிய பதிப்புகளில் வரும். அச்சுக்குக் கொடுக்கும் முன் கொ, கோ, கௌ, க்ஷ, ஸ்ரீ, ஃபே ஆறையும் ஒரு பக்கத்தில் அடித்து, அந்தப் பக்கத்தை மட்டும் கடையில் பிரின்ட் எடுத்துப் பாருங்கள். திரையில் சரியாக இருந்து தாளில் உடைவதும் நடக்கும். 'ஔ' எழுத்தை 'ஒ', 'ள' என்று இரண்டாக அடித்திருக்கிறார்களா என்று தேடிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத பிழை அது.

13. எந்த ஃபான்ட்? என்ன சைஸ்?

கதைக்கு நோட்டோ செரிஃப் தமிழ் அல்லது மீரா இனிமை, தலைப்புக்கு பலூ தம்பி அல்லது கவிவனார். நான்கும் திறந்த உரிமத்தில் கிடைப்பவை, அச்சிட அனுமதி கேட்க வேண்டாம். எழுத்து 11 புள்ளி, வரி இடைவெளி 16 புள்ளி. தமிழில் மேலே கொக்கியும் கீழே சுழியும் இருப்பதால் 13 புள்ளி இடைவெளியில் வரிகள் ஒன்றோடொன்று முட்டும். உள் ஓரம் 18 மில்லிமீட்டர், வெளி ஓரம் 14. பக்க எண் விளிம்பிலிருந்து குறைந்தது 10 மில்லிமீட்டர் உள்ளே இருக்கட்டும். 12 தாளை ஒன்றுக்குள் ஒன்று மடிக்கும்போது நடுத்தாள் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வெளியே தள்ளும், ஓரத்தை வெட்டிச் சமன் செய்யும்போது பக்க எண் போய்விடும்.

14. ஜெராக்ஸா, ஆஃப்செட்டா? பேப்பர் எங்க வாங்கறது?

100 பிரதிக்கு ஜெராக்ஸ் அல்லது டிஜிட்டல் பிரின்ட். 500-க்கு மேல் போனால் ஆஃப்செட்டுக்குக் கேளுங்கள், அதில் பிளேட் செலவு முதலிலேயே வந்துவிடுவதால் பிரதி கூடக் கூடத்தான் விலை இறங்கும். பிட் நோட்டீஸ் அடிக்கும் காப்பி பிரின்டர் இருக்கிற கடை கிடைத்தால் 200 பிரதிக்கு அதுவும் நல்லது. அந்த மை எளிதில் காயாது, வழவழப்பான ஆர்ட் பேப்பரில் அடித்தால் கையில் ஒட்டும், பளபளப்பு பூசாத மேப்லித்தோ தாளில் அடியுங்கள். பிரின்ட் எடுக்கும்போது 'புக்லெட்' தேர்வு செய்து, தாளின் குறுகிய பக்கமாகத் திரும்பும்படி வையுங்கள். நீண்ட பக்கமாகத் திரும்பினால் பின்பக்கம் தலைகீழாக வரும். சரிபார்க்க எளிய வழி: 48 பக்க இதழில் ஒரு தாளின் ஒரு முகத்தில் இருக்கும் இரண்டு பக்க எண்களைக் கூட்டினால் எப்போதும் 49 வர வேண்டும். 48-ம் 1-ம், 2-ம் 47-ம், இப்படியே போகும்.

பேப்பருக்குப் பாரிமுனை ஆண்டர்சன் தெரு. விம்கோ நகர், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை எங்கிருந்து வந்தாலும் ஒரே மெட்ரோவில் உயர் நீதிமன்றம் நிலையத்தில் இறங்கி நடக்கலாம். ஞாயிறு பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். உள்ளே 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடைக் கணக்கு) மேப்லித்தோ, அட்டைக்கு 250 ஜிஎஸ்எம் போர்டு. 100 பிரதிக்கு 1200 தாள், கெடுவதற்கு 60 சேர்த்தால் 1260. ரீம் ஒன்றுக்கு 500 என்பதால் 3 ரீம் வாங்க வேண்டும். தாளின் இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள்: இரண்டு பக்கமும் லேசாக மடித்தால் ஒரு பக்கம் மென்மையாக வளையும், இழை அந்த மடிப்புக்கு இணையாக ஓடுகிறது. இதழின் முதுகும் அதே திசையில் இருக்க வேண்டும். குறுக்கே மடித்தால் அட்டை வெடித்து வெள்ளை தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் பேப்பர் வாங்கினால் பிளாஸ்டிக் உறையிலேயே வைத்திருங்கள். ஈரம் குடித்த தாள் மெஷினில் சுருண்டு சிக்கும்.

15. ஸ்டேப்ளர் பின் அடிச்சா போதாதா?

நீண்ட கை ஸ்டேப்ளர் வேண்டும், சாதாரண ஸ்டேப்ளர் நடுவரை எட்டாது. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் உப்புக் காற்றில் சாதாரணப் பின் சீக்கிரம் துருப்பிடித்து நடுப்பக்கத்தில் பழுப்புக் கறை விடும். துருப்பிடிக்காத பின் கிடைத்தால் சரி, இல்லையென்றால் நூலில் தையுங்கள். நூறு பிரதியை நான்கு பேர் உட்கார்ந்தால் ஒரே மதியத்தில் முடிக்கலாம்.

தாள்களை அட்டையோடு மடித்துத் தட்டிச் சமன் செய்யுங்கள். மடிப்பில் நடுவில் ஒரு துளை, அதற்கு மேலும் கீழும் 7 சென்டிமீட்டர் தள்ளி ஒவ்வொன்று. கோணி ஊசியால் குத்துங்கள், அடியில் பழைய டெலிபோன் டைரக்டரி மாதிரி தடிப் புத்தகம் இருந்தால் ஊசி நேராக இறங்கும். பைண்டிங் நூலை 50 சென்டிமீட்டர் வெட்டி, மெழுகுவர்த்தியில் இரண்டு முறை இழுங்கள். உள்ளே நடுத்துளையிலிருந்து வெளியே போங்கள், மேல் துளை வழியாக உள்ளே வாருங்கள், நடுவைத் தாண்டிக் கீழ்த் துளையில் வெளியே போங்கள், மறுபடி நடுத்துளையில் உள்ளே வாருங்கள். உள்ளே நீளமாக ஓடும் நூலின் இந்தப் பக்கம் ஒரு முனை, அந்தப் பக்கம் ஒரு முனையாக வைத்து இறுக்கி முடிச்சுப் போடுங்கள். நூலை மடிப்பின் திசையிலேயே இழுங்கள், செங்குத்தாக இழுத்தால் துளை கிழியும். 250 ஜிஎஸ்எம் அட்டையை மடிக்கும் முன் மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து ஒரு கோடு அழுத்திவிடுங்கள்.

16. இது காப்பிரைட் கேஸ் ஆவாதா?

நேர்மையாகச் சொன்னால், உயிரோடு இருக்கும் உரிமை உள்ள மூலங்களில் ஃபேன்ஃபிக்குக்கு என்று தனி விலக்கு இந்தியச் சட்டத்தில் இல்லை. 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ம் பிரிவு விமர்சனம், ஆய்வு, சொந்தப் பயன்பாடு போன்றவற்றுக்கு இடம் தருகிறது, கதை எழுதி அச்சிடுவதைப் பெயர் சொல்லி அனுமதிக்கவில்லை. கருவுக்கோ கதைக்களத்துக்கோ உரிமை இல்லை, அதைச் சொல்லிய விதத்துக்குத்தான் உரிமை என்று 1978-ல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் தெளிவாக வரையப்பட்ட பாத்திரத்துக்கும் பாதுகாப்பு உண்டு: நாகராஜ் காமிக்ஸைப் பார்த்து நாகேஷ் என்று போட்டவர்களுக்கு டெல்லி உயர் நீதிமன்றம் தடை போட்டது.

அதனால் இதழில் பாதியாவது பதிப்புரிமைக் காலம் முடிந்த மூலங்களிலிருந்து இருக்கட்டும். எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு கடந்த நூல் எல்லோருக்கும் சொந்தம். கல்கி மறைந்தது 1954, அவர் நூல்கள் நாட்டுடைமையும் ஆகிவிட்டன. ஷெர்லாக் ஹோம்ஸ் எழுதிய கானன் டாயில் மறைந்தது 1930. இராமாயணம், பாரதம், நாட்டார் கதைகள் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் நாவல் பொதுவானால் அதை வைத்து எடுத்த படம் பொதுவாகிவிடாது. 2022-ல் வந்த படத்தின் உடை, முகம், புதிதாகச் சேர்த்த காட்சி, வசனம் எதையும் தொடாமல் நாவலிலிருந்து எழுதுங்கள்.

மற்ற மூலங்களுக்கு: பெயரையும் உலகத்தையும் தாண்டி எதையும் எடுக்காதீர்கள். மூல வசனம், பாடல் வரி, ஸ்டில், போஸ்டர், லோகோ வேண்டாம். படங்களை உங்கள் ஓவியரே வரையட்டும். நூறு பிரதிக்குள் நிறுத்துங்கள், உரிமையாளர் எழுதிக் கேட்டால் உடனே நிறுத்துங்கள்.

17. "லாப நோக்கமற்றது"ன்னு கீழ போட்டுட்டா சேஃப் தானே?

இல்லை. அந்த வரியைப் போடுவது மரியாதை, போடுங்கள். மூலத்தின் பெயரும் படைத்தவர் பெயரும் சேர்த்துப் போடுங்கள். ஆனால் அது கேடயம் ஆகாது. லாபம் இல்லாமல் இருப்பது உரிமையாளரின் கோபத்தைக் குறைக்கலாம், உரிமையை இல்லாமல் ஆக்காது.

18. ஒரு காப்பிய எவ்ளோவுக்குக் கொடுக்கலாம்?

அச்சுக் கூலியைக் கடையில் கேட்டு இப்படிப் போட்டுப் பாருங்கள். ஒரு ஏ4 முகத்துக்கு ஒன்றரை ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 12 தாளுக்கு 24 முகம், 36 ரூபாய். அட்டைக்கு 20 ரூபாய் என்றால் மொத்தம் 56. நூறு பிரதிக்கு 5600. இதை நூறால் வகுத்து 56 ரூபாய் விலை வைப்பதுதான் வழக்கமான தவறு. எழுதியவர், வரைந்தவர், திருத்தியவர் ஆகியோருக்கு 15 பிரதி இலவசமாகப் போகும். மீதி 85 பிரதிதான் 5600-ஐத் தூக்க வேண்டும், அதாவது 66 ரூபாய். 70 வைத்தால் கெட்டுப்போகும் பிரதிகளுக்கு 350 ரூபாய் கையில் நிற்கும்.

தபாலில் அனுப்பினால் அதைத் தனியாக வாங்குங்கள். 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று 5 கிராம், 12 தாள் 60, அட்டை 16. ஓர் இதழ் 76 கிராம், உறையோடு 100-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளலாம்.

19. நடிகர், கிரிக்கெட் பிளேயர், கொரியன் பாடகர் பத்தி எழுதினா?

இதில் நிறையப் பேருக்கு ஆசை உண்டு. எங்கள் கருத்து, அச்சில் வேண்டாம். பாத்திரத்துக்கு மனம் புண்படாது, நிஜ மனிதருக்குப் புண்படும். பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 356-ம் பிரிவில் அவதூறு குற்றம், "கற்பனைதான்" என்ற வரி போட்டுத் தப்பிக்க முடியாது. நடிகர் ஏற்ற பாத்திரத்தை எழுதுங்கள், நடிகரை விட்டுவிடுங்கள்.

20. ஷிப் கதை போடலாமா அக்கா? கொஞ்சம் 'அப்படி இப்படி' இருந்தா?

இரண்டு பாத்திரங்களைக் காதல் ஜோடியாக்குவதுதான் ஷிப். காதல் கதைகளை எந்த ஜோடியாக இருந்தாலும் போடலாம், ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் உட்பட. ஜோடி பிடிக்காத வாசகருக்காக முன்குறிப்பில் ஜோடியைச் சொல்லிவிடுங்கள். 7-ல் சொன்ன எச்சரிக்கை வரியோடு அதுவும் சேரட்டும். படுக்கையறைக் காட்சியை விவரிக்கும் கதை இந்த மாதிரி இதழுக்கு ஏற்றதல்ல. 1-ல் சொன்னபடி இதழ் தங்கச்சி கைக்குப் போகும், ஆபாசமான அச்சுப் பிரதியை விற்பது 19-ல் சொன்ன அதே சன்ஹிதாவின் 294-ம் பிரிவில் குற்றமும்கூட. 18 வயது நிரம்பாத பாத்திரத்தைப் பாலியல் நோக்கில் எழுதிய கதையையோ வரைந்த படத்தையோ எந்தச் சமாதானம் சொன்னாலும் வாங்காதீர்கள். அனிமேவில் பள்ளிப் பாத்திரங்கள் அதிகம், வயதைச் சரிபார்ப்பது ஆசிரியரின் வேலை.

21. கதை அச்சானப்புறம் அது யாருக்குச் சொந்தம்?

எழுதியவருக்கு. இதழுக்கு வேண்டியது ஒருமுறை அச்சிடவும் பிடிஎஃப் ஆகக் கொடுக்கவும் அனுமதி மட்டுமே. அதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் சட்டம் ஐந்து ஆண்டு என்றும், எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியா என்றும் எடுத்துக்கொள்ளும். பிடிஎஃப் வெளிநாட்டுக்கும் போகும் என்பதால் "உலகம் முழுவதும்" என்று எழுதுங்கள். ஓவியருக்கும் இதே தாள்.

22. கவர்ல எந்த ஃபேண்டத்தைப் போடறது? இதுக்கே சண்டை வருது.

எதையும் போடாதீர்கள். ஆறு கதையிலும் வரும் ஒரு பொருளையோ இடத்தையோ தேடுங்கள்: படகு, கதவு, மழை, ரயில். ஆறு பாத்திரங்களும் பேசின் பிரிட்ஜ் பிளாட்பாரத்தில் முதுகு காட்டி நிற்கிற மாதிரி வரைந்தால் முகமும் வேண்டாம், 16-ல் சொன்ன சிக்கலும் குறையும். அட்டைப் படத்தை 300 டிபிஐ-யில், சுற்றிலும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக வரையச் சொல்லுங்கள். திரையில் பளிச்சிடும் நீலமும் பச்சையும் அச்சில் மங்கும், ஒரு பிரதி எடுத்துப் பார்த்த பிறகு மொத்தமும் அடியுங்கள்.

23. இதழ்னா ரிஜிஸ்டர் பண்ணணுமாமே? ஐஎஸ்பிஎன்?

2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கும் பருவ இதழ்ப் பதிவுச் சட்டம், பொதுச் செய்தியையோ அதைப் பற்றிய கருத்தையோ தாங்கி, குறித்த இடைவெளியில் வருவதைத்தான் பருவ இதழ் என்கிறது. கதைத் தொகுப்பாக எப்போதாவது வருவது அதில் அடங்காது. அதனால் சினிமா செய்தி, அரசியல் கருத்துப் பக்கம் என்று எதையும் நடுவில் செருகாதீர்கள். ஐஎஸ்பிஎன் (நூலுக்குத் தரும் சர்வதேச அடையாள எண்) இலவசம்தான், ஆனால் நூறு பிரதிக்குத் தேவை இல்லை. அச்சிட்ட கடையின் பெயர், ஊர், ஆண்டு மூன்றும் உரிமைப் பக்கத்தில் இருக்கட்டும்.

24. அச்சடிச்சு முடிச்சப்புறம் ஒரு கதை காப்பி அடிச்சதுன்னு தெரிஞ்சா இன்னா பண்றது?

மறைக்காதீர்கள். ஃபேன்ஃபிக் உலகத்தில் இன்னொரு ரசிகரின் கதையைத் திருடுவதைப் போலப் பெரிய குற்றம் இல்லை, ஆங்கிலக் கதையைக் கேட்காமல் மொழிபெயர்த்துத் தன் பெயரில் கொடுப்பதும் திருட்டுத்தான். அதிகம் நடப்பதும் அதுதான். திருத்தும்போதே 11-ல் சொன்ன ஃபேண்டத்தில் ஊறியவரிடம் "இதை வேறு எங்காவது படித்திருக்கிறாயா" என்று கேட்டு வைத்தால் பாதி பிடிபட்டுவிடும்.

அச்சான பிறகு தெரிந்தால் முதலில் பிடிஎஃப்-பிலிருந்து அந்தக் கதையை எடுங்கள், பக்க எண் மாறாமல் இருக்க அந்த இடத்தில் விளக்கம் வையுங்கள். மூல எழுத்தாளருக்கு எழுதி, அச்சுப் பிரதிகளை என்ன செய்யலாம் என்று கேளுங்கள். அவர் சம்மதித்தால் விற்காத பிரதிகளில் கதையின் முதல் பக்கத்தில் அவர் பெயரும் மன்னிப்பும் அச்சிட்ட ஒட்டுத்தாளை ஒட்டுங்கள். ஏ4 ஸ்டிக்கர் தாள் ஒன்றில் எட்டுச் சீட்டு வரும், 60 பிரதிக்கு எட்டுத் தாள் போதும். அவர் சம்மதிக்காவிட்டால் அந்தத் தாளை உருவ வேண்டும், ஆனால் நடுவில் தைத்த இதழில் ஒரு தாளை உருவினால் மறுபாதியில் இருக்கும் வேறொருவரின் பக்கமும் போய்விடும். அந்தப் பக்கங்களைத் தனியாகப் பிரின்ட் எடுத்து முதுகு ஓரத்தில் 5 மில்லிமீட்டர் பசை தடவி ஒட்டுங்கள். பசை காயும்வரை இதழ்களைப் பத்துப் பத்தாக அடுக்கி மேலே செங்கல் வையுங்கள்.